அண்ணனோடு கொடைக்கானலில்

மார்கழிக் குளிரில் கொடைக்கானலுக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். அண்ணன் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுத் தொழிலாளி. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் படகோடு பிடிபட்டு, அக்கரைச் சிறையில் சில மாதங்கள் கிடந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். வந்ததிலிருந்து கடலுக்கும் போகவில்லை, வீட்டிலும் தரிக்கவில்லை. ராத்திரியில் தூங்குவதில்லை. சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்து வாசலுக்குப் போவான். எதற்குப் போனான் என்று அவனுக்கே தெரியாது.

"ரெண்டு நாளு எங்கிட்டாவது கூட்டிட்டுப் போங்க. இங்க இருந்தா வாரவங்க போறவங்க எல்லாம் ஜெயிலப் பத்தியே கேக்குறாங்க" என்று மதினி போனில் அழுதார். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்திலிருந்து நான் லீவு சொல்லிவிட்டு ஒரு வாடகைக் காரோடு போய் இருவரையும் ஏற்றிக்கொண்டேன்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே அண்ணன் நெளிய ஆரம்பித்துவிட்டான். வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்குவான், பள்ளத்தை எட்டிப் பார்ப்பான், உடனே ஏறிக்கொள்வான். அறைக்குப் போனதும் முதல் வேலையாக ஜன்னல்களைத் திறந்தான். இரண்டு ஸ்வெட்டரும் குல்லாவுமாக நடுங்கிக்கொண்டிருந்த மதினி எழுந்து மூடினார். அவன் மறுபடி திறந்தான்.

"மூச்சு முட்டுது."

"குளிரு கொல்லுதுங்க."

"அப்ப நீ போத்திக்க."

எனக்கும் தூக்கம் வரவில்லை. இவனை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது தப்போ என்று நினைத்தபடியே கிடந்தேன்.

மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போனோம். அண்ணன் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தான். சைக்கிள் வாடகைக்காரர்கள், குதிரைக்காரர்கள், சுட்ட சோளம் விற்கிறவர்கள், யார் கூப்பிட்டதும் அவன் காதில் விழவில்லை. படகுத் துறை அருகில் மதினி நின்றுவிட்டார்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒங்க கூட ஒரு நாளு போட்டுல ஏறுனதில்ல. இதுலயாவது ஏத்துங்களேன்."

அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தான். ஊருக்கு வந்தபின் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "இதுவா போட்டு? வா, ஏறு" என்றான்.

மூன்று பேரும் துடுப்புப் படகில் ஏறினோம். துடுப்பைப் பிடித்ததும் அவன் தோள்கள் தளர்ந்தன. அவ்வளவு நேரம் அவை விறைத்திருந்ததே அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மதினி தண்ணீரில் விரலை விட்டுவிட்டு வெடுக்கென்று எடுத்தார். நடு ஏரிக்குப் போயிருப்போம். மலைச் சரிவிலிருந்து பனிமூட்டம் இறங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையை மறைத்துவிட்டது. அக்கம்பக்கத்துப் படகுகளில் பேச்சுக் குரல் மட்டும் கேட்டது.

அப்போதுதான் அந்த விசில் சத்தம். கூடவே ஒரு மோட்டார் இரைச்சல். மூட்டத்துக்குள் ஒரு டார்ச் வெளிச்சம் எங்களை நோக்கி வந்தது. "எல்லாரும் திருப்புங்க! கரைக்கு வாங்க!"

அண்ணன் துடுப்பைக் கைவிட்டான். படகுக்குள் மண்டியிட்டு இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டான். "குனி, குனி" என்று எங்களைப் பார்த்துக் கத்தினான். படகு பக்கவாட்டில் ஆடியது. நான் ஒரு துடுப்பைப் பாய்ந்து பிடித்தேன்.

நான் பயந்த அளவுக்கு மதினி பயப்படவில்லை. முழங்காலால் நகர்ந்துபோய் அவன் கைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். "இது ஏரிங்க. கொடைக்கானலு. நமக்கு டிக்கெட்டு குடுத்தாங்கல்ல, அவங்க ஆளுதான் வாராரு. என்னையப் பாருங்க."

மோட்டார் படகில் வந்தவர் டார்ச்சைத் தாழ்த்தினார். "சாருக்கு முடியலையா? கயிறு போட்டு இழுத்துட்டுப் போயிரவா?"

அண்ணன் நிமிர்ந்தான். "கயிறு வேணாம். நானே வாரேன்." அந்தப் படகின் பின்னாலேயே கரைவரை அவன்தான் துடுப்புப் போட்டான்.

கரையில் டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தானாகவே பேசினான். "அன்னைக்கும் இப்புடித்தான், ஒண்ணுமே தெரியல. சத்தம் மட்டும் கேட்டுச்சு. மண்டி போட வச்சுட்டாங்க. எங்க போட்டக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போனாங்க. திரும்பிப் பாக்கக்கூட விடல." எங்களிடம் அதுவரை அவன் சொல்லாதது அது. மதினி அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். டீயைக் குடித்து முடித்ததும் அண்ணன், "ஊருக்குப் போவோம்" என்றான். இன்னொரு நாள் தங்குவதாக வந்தவர்கள் அன்றே இறங்கிவிட்டோம்.

பொங்கல் கழிந்ததும் மதினி அவனைப் புதுக்கோட்டைக்கு டாக்டரிடம் கூட்டி வந்தார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று வாசல்வரை சண்டை போட்டவன், உள்ளே போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தான். இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். படகு முதலாளி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காற்று பலமாக அடிக்கிற நாளில், கடலுக்குப் போயிருப்பானோ என்று எனக்கு இருப்புக் கொள்ளாது, போன் போடுவேன். போன வாரம் பகலில் கூப்பிட்டபோது மதினி எடுத்துக் கிசுகிசுத்தார்.

"தூங்குறாருங்க. பொறவு பேசுங்க."

சட்டென்று போனை வைத்துவிட்டேன்.