வெள்ளித் தட்டும் சின்னக் கேசட்டும்

வீட்டுக்குள்ளேயே படம் பார்க்கும் இயந்திரம் எங்கள் தெருவில் முதலில் எதிர்வீட்டுக்குத்தான் வந்தது. அவ்வீட்டுக்காரர் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுச் சிப்பாயை எங்கள் காரைக்காலில் சொல்தா என்போம்; ஆகவே தெருவில் அவ்வீட்டுக்குச் சொல்தா வீடு என்று பெயர். ஒருமுறை பிரான்சு போய்த் திரும்புகையில் அவர் கொண்டுவந்த இயந்திரம் தட்டுப் போடுகிற வகை. சோற்றுத் தட்டைவிடப் பெரிதாய், முகம் பார்க்கலாம்போல் மின்னும் வெள்ளித் தட்டு. அதற்குள் முழுப் படமும் அடக்கம்.

அதே ஆண்டு சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா எங்களுக்கும் ஒன்று கொண்டுவந்தார். எங்களுடையது கேசட் போடுவது. அதிலும் சின்னக் கேசட். பெரிய கேசட்டைவிட இதில் நிறம் தெளிவு என்று அங்குள்ள கடைக்காரர் சொன்னாராம்.

அடுத்த வீட்டில் என் தோழி இருந்தாள். கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பில் தமிழ் இலக்கியம் படித்தோம். ஞாயிறு மதியம் மீன்குழம்பு மணக்கும் கையோடு வருவாள். கேசட்டைத் தானே உள்ளே தள்ளுவாள். நான் நாற்காலியில் இருக்க, என் முழங்காலில் சாய்ந்து தரையில் உட்காருவாள். எனக்கு வேறு தோழியர் இல்லை.

சொல்தா வீட்டுப் பெண் எங்களைவிட ஒரு வயது இளையவள். ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அவள் என் தோழியை அழைக்கத் தொடங்கினாள். தட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் படம் நின்றுவிடும். எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். அந்தப் பொறுப்பை அவள் என் தோழிக்கே கொடுத்துவிட்டாள்.

"சோப்புப் போட்டுக் கையக் கழுவணும்டி. ஈரம் போகத் தொடச்சிட்டு, ஓரத்த மட்டும்தான் புடிக்கணும். நடுவுல விரல் பட்டாப் போச்சாம்," என்று என்னிடம் வந்து சொன்னாள் தோழி.

"எல்லாம் பிரெஞ்சுப் படம். ஒரு வார்த்த புரியுதா ஒனக்கு?"

"புரிஞ்சாத்தான் பாக்கணுமா? கடலு எவ்ளோ நீலமா இருக்கு தெரியுமா? நம்ம ஊர்ல எங்க இருக்கு அப்படி?"

காரைக்கால்மேட்டுக் கடல் கலங்கிய நிறம் என்பது எனக்கு அதுவரை ஒரு குறையாகப் பட்டதில்லை. அன்று கடல்மீதும் எரிச்சல் வந்தது. அதைவிட அந்தச் சோப்பு என்னை உறுத்தியது. எங்கள் இயந்திரத்தைத் தொட அவள் ஒருநாளும் கை கழுவியதில்லை.

எங்களிடம் இருந்த கேசட்டுகள் பார்த்துப் பார்த்துச் சலித்தவை. பேருந்து நிலையத்துக் கடையில் வாடகைக்குக் கிடைத்தவை எல்லாம் பெரியவை. அப்பாவை நச்சரித்து நாகூருக்கு அழைத்துப் போனேன். வெளிநாட்டுச் சாமான் விற்பவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"சின்னதா? அத இப்ப யாருங்க கேக்குறா? எல்லாரும் பெருசுக்கு மாறிட்டாங்க. பாப்பாவுக்காக உள்ள தேடிப் பாக்குறேன், இருங்க."

ஒரு தமிழ்ப் படம் கிடைத்தது. அந்த ஞாயிறு தோழியை மட்டும்தான் அழைத்தேன். அவள் சொல்தா வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

என் புழுக்கத்தை அம்மா எப்போது கண்டுகொண்டாள் என்று தெரியவில்லை. இயந்திரத்தின்மேல் பூப்பின்னல் துணி விரித்திருந்தாள். கொல்லைக் குழாயடியில் புதுச் சோப்பும் துண்டும் இருந்தன.

"கையக் கழுவிட்டு வந்து தொடும்மா. எதுத்த வீட்டுல இருக்கறது மட்டும்தான் சாமானா?"

"என்ன அத்தே, நம்ம வீட்டுலயுமா?" என்று சிரித்த தோழி, கழுவிக்கொண்டு வந்தாள். கேசட்டை இரு விரலால் ஓரம் பிடித்துப் போட்டாள். பிறகு, நான் காலைத் தள்ளி வைத்துக் காத்திருக்க, எதிரே இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"இத நடுவுல திருப்பிப் போட வேணாமா?" என்று சொல்தா வீட்டுப் பெண் கேட்டாள்.

"வேணாம், அது பாட்டுக்கு ஓடும்," என்று என் தோழிதான் பதில் சொன்னாள். அவள் குரலில் இருந்த பெருமிதம் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. ஆனால் புறப்படும்போது, "படம் நல்லா இருந்துச்சு அத்தே," என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனாள். அதுவரை அவள் எங்கள் வீட்டில் எதையும் நன்றாக இருந்தது என்று சொன்னதில்லை, சொல்ல வேண்டியிருந்ததில்லை.

மறு ஆண்டு அவளுடைய அப்பா பெரிய கேசட் போடும் இயந்திரம் வாங்கினார். பேருந்து நிலையத்துக் கடையின் படங்கள் அனைத்தும் அவர்கள் வீட்டில் ஓடின. சொல்தா வீட்டுக்குப் புதிய தட்டுகள் வரவில்லை. எங்களுக்குச் சின்னக் கேசட் எங்கும் கிடைக்கவில்லை. இரு வீட்டு இயந்திரங்களும் துணி போர்த்திக்கொண்டன.

அவர்கள் இயந்திரம் வந்த முதல் ஞாயிறு, நன்றாகக் கை கழுவிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"என்னடி, சோப்பு வாசன தூக்குது? விருந்தாளி மாதிரி! வா உள்ள," என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

உள்ளே சொல்தா வீட்டுப் பெண் முறுக்கு தின்ற கையாலேயே கேசட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளிவிட்டு, விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்த என் தோழியின் முழங்காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த நாக்காலிய இழுத்துப் போட்டு உக்காருடி," என்றாள் தோழி.

உட்கார்ந்தேன். எங்கள் சின்னக் கேசட்டில் இந்த நிறமெல்லாம் இன்னும் தெளிவாக இருந்திருக்கும்.