ஒன்பது ரோஜாச் செடிகளும் ஓர் ஈரத்துணியும்

எங்கள் வீட்டு ஒன்பது ரோஜாச் செடிகளும் எந்த வரிசையில் செத்தன என்று என்னால் தேதியோடு சொல்ல முடியும். மற்றதையெல்லாம் தவறாகச் செய்தேன். எழுதுவதை மட்டும் சரியாகச் செய்தேன். அரியலூரில் ஒரு கிளை நூலகத்தில் முப்பத்தோர் ஆண்டு வேலை பார்த்தவள் நான். புத்தகம் போன தேதி, திரும்பிய தேதி என்று எழுதிப் பழகிய கை ஓய்வுக்குப் பிறகும் நிற்கவில்லை. மழை பெய்த நாள், சிலிண்டர் மாற்றிய நாள், மாடிக்குக் குரங்கு வந்த நாள், எல்லாம் நோட்டில் இருக்கும்.

செடிகள் என் கணவருடையவை. அவர் பஸ் கண்டக்டர். எந்த ரூட்டில் போட்டாலும் பஸ் நிற்கிற ஊரில் யாரிடமாவது ஒரு ரோஜாக் குச்சி கேட்டு வாங்கி வந்துவிடுவார். அந்த ஊரின் பெயரைத்தான் செடிக்கும் வைப்பார். கேட்டை ஒட்டிச் சிறுவாச்சூர், அடுத்து ரஞ்சன்குடி, அதற்கடுத்து குரும்பலூர் என்று வாங்கிய வரிசையிலேயே சுவரோரம் நின்றன. ஒன்பதாவது, படுக்கையறை ஜன்னலுக்கு நேரே நின்ற பன்னீர் ரோஜா. அதற்கு மட்டும் ஊர்ப்பெயர் கிடையாது; அவரே ஒட்டுக்கட்டி வளர்த்தது.

காலையில் அவர் செடிகளோடு இருக்கும் நேரம், நான் நாற்காலியில் படித்துக்கொண்டிருப்பேன்.

“அந்தப் பொஸ்தகத்தையே மோந்து பாத்துக்கிட்டு இருக்கியே, இத ஒரு தடவ வந்து மோந்து பாரேன்” என்பார்.

“வரேங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன். பதினெட்டு வருடத்தில் அந்தச் செடிகளுக்கு அவர் என்னென்ன செய்தார் என்று நான் ஒரு நாளும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

சென்ற ஆகஸ்டில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பெரம்பலூரில் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் இருந்தோம். வலது பக்கமும் பேச்சும் போய் வீடு திரும்பினார். கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். பயிற்சி கொடுக்க வந்த பெண் முதல் வாரத்திலேயே கவனித்துவிட்டாள்.

“அய்யா அந்தப் பக்கம் மட்டும் தானாத் திரும்புறாரு பாருங்கம்மா. அங்க என்ன இருக்கோ அத எடுத்துடாதீங்க. அவரு திரும்புற வரைக்கும் நல்லது.”

அங்கே இருந்தது பன்னீர் ரோஜா. அது பிழைத்து நிற்கும் வரை அவர் திரும்புவார் என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவருடைய இடது கை நன்றாக இருந்தது. அதனால் கட்டில் சட்டத்தில் தட்டுவதற்கு ஒரு பட்டியல் போட்டேன். ஒரு தட்டு, தண்ணீர். இரண்டு, புரட்டிப் படுக்க வைக்க. மூன்று, சிறுநீர் கழிக்க. நோட்டில் எழுதி அவருக்கும் படித்துக் காட்டினேன். சரி என்பதற்குக் கண்ணை மூடித் திறந்தார்.

டிசம்பர் 12 அன்று சிறுவாச்சூர்ச் செடியின் கொழுந்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எங்கள் தெரு வழியாகத்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். துணிக்கொடி, முருங்கை, வாசலில் வைத்த பால் பை, எதன் மேலும் வெள்ளை படியும். அதைப் பார்த்துச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது. பக்கத்து வீட்டுப் பெண்கூடச் சிரித்தாள்.

“என்னக்கா, ரோசாவுக்கு பவுடரு பூசி விட்டிருக்கீங்க? பொண்ணு பாக்க வராங்களா?”

“லாரிக்காரன் ஓசியில பூசுற பவுடருடி” என்றேன்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ஓர் ஈரத்துணியை எடுத்தேன். இலை இலையாகத் துடைத்தேன். கேட்டில் ஆரம்பித்து ஜன்னலில் முடித்தேன். அதே துணி, ஒரு சிறு வாளித் தண்ணீர். தினமும் அப்படியே செய்தேன். அவருக்காக ஏதோ செய்கிறேன் என்ற நிறைவு அதில் இருந்தது. அந்த நேரத்தில்தான் அவர் தட்டத் தொடங்குவார். ஒன்று, இரண்டு, மூன்று என்றில்லை, நிறுத்தாமல், படபடவென்று. ஓடிப்போய்த் தண்ணீர் கொடுப்பேன், வாயை மூடிக்கொள்வார். புரட்டினால் மறுபடி ஜன்னலுக்கே திரும்புவார். சாயங்காலம் ஆனால் இவருக்கு எரிச்சல் வருகிறது என்று முடிவு செய்தேன்.

வெள்ளை குறையவில்லை. பொங்கல் கழிந்தபோது ஒன்பது செடியிலும் இருந்தது. கொழுந்துகள் சுருண்டு, மொட்டுகள் மாவில் புரட்டியது போல மூடியபடியே நின்றன. ஜனவரி 24 அன்று ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு டவுனில் உரக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இலையை வாங்கி வாயருகே வைத்து ஊதினார். “தூசின்னா ஊதுனா போவும். போவுதா பாருங்க. இது எலை மேலேயே வளர்ற பூசணம்மா. சாம்பல் நோய். பகல்ல வெயிலு, ராத்திரி பனி, இதுக்குக் கொண்டாட்டம். எத்தன நாளா இருக்கு?”

நோட்டைப் பிரித்தேன். “நாப்பத்தி ரெண்டு நாளா தொடைக்கிறேன்.”

“அடேங்கப்பா, கொழந்த பொறந்த நேரம் மாதிரி குறிச்சு வச்சிருக்கீங்க. ஒரே துணியா?”

“ஒரே துணிதான்.”

“நல்லா இருக்கு போங்க. பத்திரிகை வைக்கிற மாதிரி ஒரு வூடு விடாம நீங்களே கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்க.”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கடைக்காரர் நனையும் கந்தகம், தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் தூள், ஒரு பொட்டலம் கொடுத்தார். கெட்ட நுனிகளை வெட்டி எரிக்க வேண்டும், குப்பைக்குழியில் போடக்கூடாது. கந்தகத்தை வெயில் ஏறுவதற்கு முன் தெளிக்க வேண்டும், பத்து நாள் விட்டு மறுபடி. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். துணியை அன்றே எரித்தேன்.

ஜனவரி 25 காலை, அவருடைய பழைய கத்தரியை எடுத்தேன். சிறுவாச்சூர்ச் செடியில் ஒரு குச்சி நுனியில் கறுத்துக் காய்ந்திருந்தது. அதையும் சேர்த்து வெட்டினேன். ரஞ்சன்குடி, குரும்பலூர் என்று வரிசையாக வெட்டிக்கொண்டே வந்தேன். பன்னீர் ரோஜாவை நெருங்கும்போது உள்ளே தட்டும் சத்தம், பிறகு கண்ணாடி உடையும் சத்தம். முதுகில் புண் வராமல் துடைக்க முக்காலியில் வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டில் கீழே கிடந்தது. அவர் கை அந்தப் பக்கமே நீண்டிருந்தது.

“கொஞ்சம் பாத்து கைய ஆட்டக்கூடாதா?” என்று கடிந்துகொண்டேன். கூட்டி அள்ளிவிட்டு, வெளியே வந்து ஒன்பதாவது செடியையும் வெட்டினேன்.

கந்தகம் வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிப்ரவரி பத்து வாக்கில் வந்த தளிர்கள் சுத்தமாக, செம்பு நிறத்தில் இருந்தன. ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். பிப்ரவரி 17 அன்று சிறுவாச்சூர்ச் செடியில், நான் வெட்டிய முனைகள் கறுத்திருந்தன. கறுப்பு ஒவ்வொரு நாளும் ஒரு விரல்கடை கீழே இறங்கியது. பிறகு ரஞ்சன்குடி. பிறகு குரும்பலூர். துடைத்த அதே வரிசை, வெட்டிய அதே வரிசை.

மார்ச் 2 அன்று மறுபடி கடை.

“நுனிக்கருகல்” என்றார் கடைக்காரர். இந்த முறை அவர் கேலி செய்யவில்லை. “வெட்டுன வாயில மயில்துத்தமும் சுண்ணாம்பும் கொழச்சுத் தடவியிருக்கணும். சரி, கத்தரியே செடிக்குச் செடி நோயக் கொண்டுபோவும். அத ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டுல தொடச்சீங்கல்ல?”

ஸ்பிரிட் என்ற சொல் காதில் விழுந்ததும் பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினேன். “டிச. 13. மாலை 5. இலைகள் துடைத்தேன். பட்டியலில் இல்லாத தட்டு.” “டிச. 14. இலைகள் துடைத்தேன். பட்டியலில் இல்லாத தட்டு.” நாற்பத்திரண்டு முறை இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில், ஒரு நாள் விடாமல். கடைசியில்: “ஜன. 25. கிளைகள் வெட்டினேன். ஸ்பிரிட் பாட்டில் உடைந்தது. புதிது வாங்க வேண்டும்.” வாழ்நாளெல்லாம் படித்தவள், இந்த வரிகளை எழுதினேனே தவிர படிக்கவில்லை.

கட்டிலருகே உட்கார்ந்தேன். “என்னங்க, இதத்தான் சொன்னீங்களா? தொடைக்காத, தொடைக்காதன்னா?”

என்னைப் பார்த்தார். கண்ணை மூடித் திறக்கவில்லை. பிறகு பார்வை கூரைக்குப் போயிற்று. அவர் சொன்னது அதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எரிச்சலாகவே இருந்திருக்கலாம், பாட்டிலில் கை தவறிப் பட்டிருக்கலாம். அப்படி நம்பிப் பார்க்கிறேன், முடியவில்லை.

மறுநாள் அவர் பார்க்கும்படி ஜன்னலில் நின்று புது ஸ்பிரிட்டில் கத்தரியைத் துடைத்தேன். கறுத்ததை மேலும் கீழே வெட்டி, துத்தக் குழம்பைத் தடவினேன். அவர் தட்டவில்லை. பன்னீர் ரோஜாவில் கறுப்பு மார்ச் 29 அன்று ஒட்டுக்குக் கீழே இறங்கியது; அதோடு ஒன்பதும் போய்விட்டன.

பக்கத்து வீட்டுப் பெண் நர்சரியிலிருந்து பூத்த செடி ஒன்றைத் தொட்டியோடு தூக்கி வந்தாள். “அந்த எடத்துலயே வெச்சிடுக்கா. அவருக்கு என்ன தெரியவா போவுது?”

“தெரியும்” என்றேன். அவள் வைத்துவிட்டுத்தான் போனாள்.

அது நன்றாகத்தான் இருக்கிறது, இலையில் ஒரு புள்ளி கிடையாது. அவர் திரும்புவதில்லை. நான் ஜன்னல் பக்கம் புரட்டி வைத்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். பயிற்சிக்கு வரும் பெண் இப்போது கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கைகால் பயிற்சியை மட்டும் முடித்துக்கொண்டு போகிறாள். பட்டியலில் இல்லாத தட்டு கடைசியாக விழுந்தது ஜனவரி 25. அதன் பிறகு ஒன்று, இரண்டு, மூன்று மட்டும் கேட்டது; அதுவும் குறைந்துகொண்டே வந்தது. நேற்று தண்ணீருக்குக்கூடத் தட்டவில்லை. நானாக எடுத்துக் கொடுத்தேன். தேதி போட்டு எழுதினேன்.