மேல்வீட்டு இசை

துபாய் ஓட்டல் ஒன்றில் ஆளே இல்லாமல் பியானோ தானாக ஒலித்துக்கொண்டிருந்தது. சிறுவயதில் மஸ்கட்டின் ரூவி பகுதியில் எங்கள் மேல்வீட்டில் குடியிருந்த கிரேக்கர் நினைவுக்கு வந்தார்.

ஏதென்ஸில் அவருடைய சிம்பொனியை முழு இசைக்குழுவே வாசித்திருக்கிறது. அங்கே பிழைப்பு இல்லாமல் போனதும் மஸ்கட்டுக்கு வந்து ஓர் ஓட்டலில் பியானோ வாசித்தார். பகலில் வீட்டில் வாசித்துப் பார்த்தபடி புதிதாக ஓர் இசையை எழுதிக்கொண்டிருந்தார். அம்மா தாளிக்கும்போதெல்லாம் அது மேலிருந்து கேட்கும்.

முடித்ததும் எங்களை ஓட்டலுக்கு அழைத்து, அதை வாசிக்கத் தொடங்கினார். பாதியில் மேலாளர் வந்து, விருந்தினருக்காகப் பிறந்தநாள் பாட்டு வாசிக்கச் சொன்னார்.

"அவர முடிக்க விடச் சொல்லுங்களேன்," என்றாள் அம்மா.

"நாம என்னம்மா சொல்றது? அவரு டூட்டி அது," என்றார் அப்பா.

கிரேக்கர் சிரித்தபடியே பிறந்தநாள் பாட்டை வாசித்தார். அதன்பின் மேல்வீட்டில் சத்தமே இல்லை. சில மாதங்களில் ஊருக்குப் போய்விட்டார்.

அம்மா மட்டும் சமைக்கையில் அந்த இசையை முணுமுணுப்பாள். இப்போது அம்மாவும் இல்லை. எனக்கு அதில் ஒரு வரிகூட நினைவில்லை.