ஆபரேட்டர் தவறு

2005 கோடையில் நான் பஸ்ஸில் உட்கார்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். இடம் இருந்தாலும் உட்கார மனம் வராது. பாண்டிச்சேரியில் நாலே பேர் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நான் ப்ரோக்ராமர். மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்த ப்ரோக்ராம், பதினைந்து நாளைக்கு ஒருமுறை, சொல்லிவைத்தாற்போல் இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். போன் வரும். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு மூன்றாம் நாள் நான் போய் இறங்கினால், அது ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

ப்ரோக்ராமின் வேலை எளிது. உப்பளத்து உப்பில் அயோடின் கலந்து, ஒரு நாள் சரக்கை ஒரு லாட் என்று கணக்கிட்டு லேபில் சோதிப்பார்கள். அந்த முடிவு டெலிபோன் லைன் வழியாகச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து சரி என்று பதில் வந்தால்தான் லாரி கிளம்பும். வழியில் யாரும் முடிவை மாற்றிவிடக் கூடாது என்று அதைச் சங்கேதமாக்கி அனுப்பினேன். பூட்டுவது மரக்காணத்தில், திறக்கும் சாவி சென்னையில். பூட்டியபின் ப்ரோக்ராமை எழுதிய என்னாலேயே உள்ளே பார்க்க முடியாது. யாராவது பழைய தகவலைத் திருடி மறுபடி அனுப்பிவிட்டால்? அதற்காக ஒவ்வொரு தகவலிலும் கம்ப்யூட்டர் கடிகாரத்தின் தேதியையும் நேரத்தையும் பதித்தேன். சென்னைக் கடிகாரத்தோடு பத்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கதவு திறக்காது. ஏன் திறக்கவில்லை என்றும் சொல்லாது, எங்கும் எழுதியும் வைக்காது. திருடனுக்குத் துப்புக் கொடுக்கலாமா! எது தவறினாலும் 'பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை' என்று ஒரே வரிதான். உப்புக்கா இத்தனை காவல் என்று என் முதலாளி கேட்டார். இருபத்தைந்து வயதில் அந்தக் கிண்டல் எனக்குப் பாராட்டாகவே கேட்டது.

லேபில் அதை இயக்கியவர் அனுமந்தையிலிருந்து வரும் ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் அளத்தில் கூலி. அந்த வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். டைப்பிங் கற்றிருந்தார், கம்ப்யூட்டரை எங்களிடம்தான் கற்றார். நான் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அந்த வரிசையிலிருந்து ஓர் அடி பிசகாமல் செய்வார்.

நான் தேடாத இடமில்லை. மோடத்தை மாற்றினேன். சாவிகளைப் புதிதாக உருவாக்கினேன். சங்கேத முறையையே மாற்றிப் பார்த்தேன். பதினைந்து நாள் கணக்கு இடித்ததால் கடைசியில் கடல்மேலேயே பழி போட்டேன். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஒரு வாரத்தில் உப்புக்காற்று டெலிபோன் ஒயரை ஏதோ செய்கிறது என்று முதலாளியிடம் முகம் மாறாமல் சொன்னேன். அவர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். தூக்கம் போயிற்று. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. என் எழுத்தில் தவறு இருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் வேறு யார்?

லேபுக்கு போன் செய்து அந்தப் பெண்ணைக் கேட்டேன். "என் ப்ரோக்ராம்ல எதையாச்சும் தொட்டீங்களா?"

"இல்லீங்க சார். நோட்டுல எழுதினபடிதான் செய்யறேன்."

நான் நம்பவில்லை. சென்னைக்கு அறிக்கை எழுதினேன். இணைப்பிலும் சங்கேதத்திலும் பழுதில்லை, ஆபரேட்டர் தவறு என்று. அவர் பெயரை முழுசாகப் போட்டே எழுதினேன். பத்து நாளில் முடிவு வந்தது. டிப்ளமோ படித்த ஒருவர் திங்கட்கிழமை வந்து சேருவார், இவர் வேண்டாம். புது ஆளுக்குக் கம்ப்யூட்டரைத் தயார்செய்து வைக்க வெள்ளிக்கிழமையே என்னைப் போகச் சொன்னார்கள்.

நான் போனபோது வெளியே மூன்று லாரிகள் நின்றன. அவர் என்னைப் பார்த்து எழுந்து வணக்கம் சொன்னார். கண் வீங்கியிருந்தது. வழக்கம்போல வேலையைச் செய்யுங்கள் என்று பின்னால் நின்றேன். மவுஸ் நேராகத் திரையின் வலது கீழ் மூலைக்குப் போனது. கடிகாரத்தை இரண்டு முறை தட்டி, தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளினார். பிறகுதான் ப்ரோக்ராமைத் திறந்தார்.

"என்ன பண்றீங்க!" என்று கத்தியேவிட்டேன்.

அவர் பயந்துபோய்க் கையை எடுத்தார். "இன்னிக்கு அஷ்டமிங்க சார். மேனேஜரு அஷ்டமி நவமியில புது லாட் ஆரம்பிக்க மாட்டாரு. அந்த ரெண்டு நாள் சரக்கும் சப்தமி லாட்டுலதான் சேரும். முன்ன ரிஜிஸ்டர்ல கையால எழுதறப்ப சப்தமி தேதியைப் போட்டுடுவோம். உங்க ப்ரோக்ராம்ல தேதி போட எடமே இல்லையே. அதான் கம்ப்யூட்டர்ல மாத்திடுவேன். சாயந்திரம் மறுபடி சரி பண்ணி வெச்சிடுவேன்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ப்ரோக்ராமைத் தொட்டீங்களான்னு கேட்டீங்க. தொடலையே சார். இது கம்ப்யூட்டரோட தேதிதானே?"

தேதி போடும் கட்டத்தை எடுத்தவன் நான்தான். மனிதர்கள் தேதியைத் தப்பாக அடிப்பார்கள், கடிகாரம் பொய் சொல்லாது என்று முதலாளியிடம் வாதாடி எடுத்தேன். லாட் தேதிக்கும் திருடனைப் பிடிக்கும் தேதிக்கும் ஒரே கடிகாரத்தைக் கட்டிவைத்தேன். அஷ்டமி, நவமி இரண்டு நாளும் அவரையே திருடன் என்று நினைத்துச் சென்னை கதவைச் சாத்தியது. நான் வந்து இறங்கியதெல்லாம் தசமியில். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

லாட் தேதிக்குத் தனிக் கட்டம் வைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடிகாரத்தைச் சரியாக்கி, கட்டத்தில் சப்தமியின் தேதியை அடித்து அனுப்பினோம். உடனே சரி என்று பதில் வந்தது. முதல் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. ஆனால் திங்கட்கிழமை வரப்போகிறவரைத் தடுக்க அது போதாது. அங்கேயே உட்கார்ந்து சென்னைக்கு இன்னொரு கடிதம் அடித்தேன். தேதியைக் கையாள்வதில் ஒரு குறைபாடு இருந்தது, அது கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது, ஆபரேட்டரை மாற்றத் தேவையில்லை என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஃபேக்ஸ் மெஷினில் வைக்கப் போனேன்.

"சார், ஒரு நிமிஷம்" என்று வாங்கினார். விரலை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"போன லெட்டரை மேனேஜரு காட்டினாரு. அதுல என் பேரு மூணு எடத்துல இருந்துச்சு. இதுல உங்க பேரு எங்க சார்?"

கையெழுத்தைக் காட்டினேன்.

"அது எல்லா லெட்டர்லயும் இருக்குதே. தப்பு யாரோடதுன்னு இதுல இல்லீங்க. இல்லேன்னா என்னோடதுன்னுதான் நெனைப்பாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அந்தக் காகிதத்தைக் கிழித்தேன். மறுபடி உட்கார்ந்து, தவறு என்ற சொல்லுக்கு முன்னால் என் பெயரை இனிஷியலோடு அடித்தேன். சங்கேத முறையை மாற்றி எழுதியபோதுகூட எனக்கு அத்தனை நேரம் பிடிக்கவில்லை. புதுக் காகிதம் மெஷினுக்குள் போய் மறுபக்கம் வெளியே வரும்வரை அவர் உட்காரவில்லை, நானும்தான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே லேபுக்கு போன் செய்தேன். நாலு முறை மணி அடித்தது. அவர்தான் எடுத்தார்.