செகண்ட்ஸ் என்று நினைத்த மூட்டு

வலி முதலில் தொடை இடுக்கில்தான் வந்தது. பல்லடம் பஸ்ஸில் நெரிசலில் நின்று வந்ததால் என்று நினைத்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் எனக்கு. நாள் முழுக்க நின்றபடி துணியைத் தடவிப் பழுது கண்டு கழிக்கும் வேலை. சில மாதங்களில் அந்த டேபிளையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

கோவையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் அவாஸ்குலர் நெக்ரோசிஸ் (இடுப்பு மூட்டின் பந்து எலும்புக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போவது) என்றார். மூட்டை மாற்ற வேண்டுமாம். எனக்கு முன்பே என் எலும்பு செத்துவிட்டதே என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து அழுதேன்.

பொருத்தப்போகும் டைட்டானியத் தண்டின் மாதிரியை டாக்டர் கையில் கொடுத்தார். பழக்கதோஷம், கட்டைவிரலால் தடவிவிட்டேன். கீழ்ப்பாதி வழவழப்பு, மேல்பாதி சொரசொரப்பு. எங்கள் ஊர்க் கணக்கில் இது செகண்ட்ஸ் (ஏற்றுமதியில் கழித்த சரக்கு). கணவரின் காதில் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி, "சார், தப்பா நெனைக்காதீங்க. பழுதில்லாத பீஸு ஒண்ணு கெடைக்குமுங்களா?" என்றார்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "இது வேணும்னே செஞ்சதும்மா. உங்க விரலுக்குத் தெரியறது கொஞ்சம்தான். அதுக்குள்ள நானோ அளவுல (தலைமுடியின் தடிமனைப் பல்லாயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு) குழிகுழியா அமிலத்துல அரிச்சு வெச்சிருக்காங்க. எலும்பு செல் காலூன்றி வளர அந்தக் குழி வேணும். வழவழன்னு இருந்தா பிடிக்காது. ஆனா ஒண்ணு, ஆரம்பத்துல தண்டு அசையக் கூடாது."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்து ஆட்டியது. முதல் கோணல் முற்றும் கோணல் ஆகிவிடுமோ என்று, ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்து நடந்த நாளெல்லாம் பயம். தும்மக்கூடப் பயந்தேன். உலோகத்துக்குப் பெயர் சொல்ல மனம் வராமல் வீட்டில் எல்லோரும் 'அது' என்றே சொன்னோம். கணவர் எனக்குத் தலைவாரிக் கோணலாகப் பின்னிவிட்டு, "அது எப்பிடி இருக்குது கண்ணு?" என்று தினமும் கேட்பார்.

"இன்னும் எத்தன நாளைக்குங்க?" என்று நான் அலுத்துக்கொண்டால், "எலும்புக்கு ஷிப்மெண்ட் தேதி இல்ல புள்ள. அது மெதுவாத்தான் வரும்" என்பார். அவசரத்திலேயே வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர், "எலும்பு நல்லாப் பிடிச்சிருச்சு" என்றார். "அப்ப செக்கிங் பாஸுங்களா சார்?" என்று கேட்ட கணவரின் கண் கலங்கியிருந்தது.

இதே ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உடம்பு புது மூட்டைத் தன் வேகத்தில்தான் நம்பும். நாம் இடம் கொடுக்க வேண்டும். இப்போது உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து துணி பார்க்கிறேன். வழவழப்பைக் கண்டதும் முன்போல மயங்குவதில்லை.

போன ஐப்பசியில் ஒருநாள் திடீர் மழை. கொடியில் காய்ந்த துணிகளை ஓடிப்போய் அள்ளிக்கொண்டு திரும்பினேன். வாசலில் நின்ற கணவர் பதறிப்போய், "அது எப்பிடி இருக்குது கண்ணு?" என்றார்.

"எதுங்க?" என்றேன்.

அவர் ஈரத் துணிகளோடு என்னையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.