அண்ணன் சுவிட்சுக்குப் போட்ட பூட்டு

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளில் குன்றத்தூர் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். ஒரு வருடம் கழித்து எழுத உட்காரும்போது துக்கத்தைவிட நிம்மதிதான் மேலோங்கி நிற்கிறது. அது ஏன் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

அண்ணன் மண்ணூரில் பிறந்தார். அப்பா ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிட்டவர். ஏரி நிரம்பாத வருடங்களில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போவார். அந்த நிலையிலும் அண்ணன் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்து முடித்தார். தொழிற்சாலைகளில் தீ எச்சரிக்கை அலாரம் பொருத்தும் சென்னை நிறுவனம் ஒன்றில் இன்ஜினியராகச் சேர்ந்தார். அது என்ன வேலையென்று ஊரில் பலருக்குப் பிடிபடவில்லை. நின்றுபோன அலாரம் கடிகாரங்களை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டே வாங்கிவைத்து, முடிந்தவற்றைச் சரிசெய்து கொடுப்பார்.

1991ஆம் ஆண்டு மழைக்காலம். அண்ணனுக்குத் திருமணமான புதிது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு தொழிற்சாலையில் அலாரம் காரணமில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று அழைத்தார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்தபோது அங்கே கரண்ட் இல்லை. ‘அலாரம்’ என்று எழுதியிருந்த சுவிட்சை அணைத்தார். அலாரம் பெட்டியைத் திறந்து டெஸ்டர் வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. தைரியமாகக் கையை உள்ளே விட்டார். ஊருக்கே கரண்ட் இல்லாத நேரத்தில் டெஸ்டர் எப்படி எரியும் என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தச் சுவிட்சில் எழுதியிருந்ததும் தவறு. அது வேறு எதற்கோ போகும் சுவிட்ச்.

அண்ணன் வந்திருப்பதே தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் ஏழுமலைக்குத் தெரியாது. உற்பத்தி லைன் நிற்கிறதே என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டதும் அவர் பின்கட்டுக்குப் போய் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்.

அண்ணனின் வலது கை பெட்டிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. கத்த நினைத்தாராம், குரல் வரவில்லை. திரும்பி வந்துகொண்டிருந்த ஏழுமலை பார்த்துவிட்டார். ஓடிப்போய்ப் பிடித்து இழுக்கத்தான் முதலில் கை நீண்டதாம். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த காய்ந்த மரப்பலகையை எடுத்து அண்ணனின் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அண்ணன் தெறித்து விழுந்தார். உள்ளங்கை கருகி, தோள் எலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தொழிற்சாலை மேனேஜர் வந்தார். கேட்காமல் ஜெனரேட்டரைப் போட்டது ஏழுமலையின் குற்றம், அவரை வேலையைவிட்டு அனுப்பப் போகிறோம் என்றார். ஏழுமலை வார்டுக்கு வெளியே சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் மெல்லிய குரலில் சொன்னார்:

“நான் உள்ள வேலை செய்யறேன்னு அவருக்கு யார் சொன்னாங்க, சார்? நானும் சொல்லல. அவரைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கணும். அவர் இல்லன்னா நான் இப்ப உங்ககிட்ட பேசிட்டிருக்க மாட்டேன்.”

மேனேஜர் கேட்டுக்கொண்டு போய்விட்டார். ஏழுமலையின் வேலை போகவில்லை. அவர் உள்ளே வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா சார் நீங்க, நான் உங்கள அடிச்சிகீறேன், நீங்க எனக்காகப் பேசிக்கினு கீறீங்க.”

“இன்னும் கொஞ்சம் மெதுவா அடிச்சிருக்கலாம்பா.”

கையில் கட்டோடு சிரித்த அண்ணனைப் பார்த்து அண்ணியும் நானும் அழுதோம். நாளடைவில் ‘சார்’ போய் ‘அண்ணே’ ஆயிற்று.

அம்மா மட்டும் பிடிவாதமாக இருந்தார். “போதும்பா. இந்த வேலையே வேணாம். வூட்டோட இரு, கஞ்சி குடிச்சாவது பொழச்சிக்கலாம்.”

அண்ணன் வேலையை விடவில்லை. வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டார். ஒரு சின்னப் பூட்டு வாங்கினார். சுவிட்சை அணைத்ததும் அதை யாரும் திரும்பப் போட முடியாதபடி பூட்டிவிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று ஓர் அட்டையும் அங்கே தொங்கும். ஜெனரேட்டர் போடுகிறவரை நேரில் பார்த்துப் பேசாமல் எந்தப் பெட்டியையும் திறக்க மாட்டார். கரண்ட் இருக்கும் ஒரு முனையில் டெஸ்டரை எரியவைத்துப் பார்த்த பிறகுதான் அதை நம்புவார். வீட்டிலும் இதே கெடுபிடிதான். ஈரக் கையோடு கிரைண்டர் பக்கம் போனால் எங்கள் யாரையும் விடமாட்டார். சலித்துக்கொண்டதும் உண்டு. ஆனால் மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனையோ தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெறும்வரை அவர் தினமும் முழுசாக வீடு திரும்பினார். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

அண்ணனின் முடிவும் அமைதியாகவே வந்தது. இதயம் பலவீனமாகியிருந்தது. ஒரு காலைப் பொழுதில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார்.

கடைசி மாதங்களில் அருகிருந்து பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், மண்ணூரிலிருந்து வந்து தோள்கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொரு நன்றியும் இருக்கிறது. அண்ணனை வழியனுப்பிய அன்று கூட்டத்தில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அண்ணனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். தூறல் விழுந்து தரையெல்லாம் ஈரம். வெறுங்காலோடு பெண்கள் பெட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய ஏழுமலை, மாலையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் இரும்புக் காலில் வைத்தார். எரிந்தது.

“யாரும் பொட்டி மேல கை வெக்காதீங்க. அண்ணி, நீங்களும்தான்.”

துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று சிலர் நினைத்தார்கள். அவர் மெயினை அணைத்து ஒயரைத் தூக்கிக் காட்டினார். தோல் உரிந்து, உள்ளிருந்த கம்பி இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. எர்த் கம்பியும் அறுந்துபோயிருந்தது. ஒயரையும் பிளக்கையும் புதிதாக மாற்றினார். மெயினைப் போட்டு மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்தார். பிறகுதான் எங்களுக்கு வழிவிட்டார்.

“இப்ப வாங்க அண்ணி.”

அண்ணி போய்ப் பெட்டியின்மேல் தலை சாய்த்துக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் எல்லோரும் பயமில்லாமல் அழுதோம்.