மகேஸ்வரியின் கைராசி

கெடுத்தவன் நான். மகேஸ்வரி அல்ல.

இதை உங்களிடம் சொல்லக் காரணம், உங்களை எனக்குத் தெரியாது என்பதுதான். தெரிந்தவர்களிடம் சொல்லும் யோக்கியதை இருந்திருந்தால் எழுதவே வேண்டியிராது!

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு லாட்ஜ் ஒன்றில் நான் மேனேஜர். நாலு புத்தகம் படித்த திமிரில் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் ஒரு மேக்ரோ எழுதி வைத்திருந்தேன். பெயரைத் தட்டிப் பட்டனை அமுக்கினால், அறை எண்ணும் காலி செய்யும் தேதியும் சீட்டாக அச்சாகி வரும். ரிசப்ஷனில் இருந்த மகேஸ்வரி அதை என்னைவிட வேகமாக ஓட்டினாள். ரிசப்ஷன் பொறுப்பையே அவளிடம் கொடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஒரு பௌர்ணமிக்கு முதல் நாள் அந்தக் கோப்பை ஃப்ளாப்பியில் போட்டு, வேங்கிக்காலில் மச்சான் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவனுடைய புதுக் கம்ப்யூட்டரில் திறந்து, பட்டனுக்கு நிறம் பூசி... ஆமாம், நிறம்!... சேமித்துக் கொண்டுவந்தேன்.

மேக்ரோ தனியாகப் பிழைக்காது. கம்ப்யூட்டருக்குள் லைப்ரரி என்று சில உண்டு; புத்தகம் இருக்காது, ஆயத்த நிரல்கள் இருக்கும். எந்தெந்த லைப்ரரியிடம் உதவி கேட்பது என்று டிக் அடித்த பட்டியல் ஒன்றும் உண்டு. மச்சானின் கம்ப்யூட்டர் என்னைக் கேளாமலே அதில் பழையதை எடுத்துவிட்டுத் தன்னிடமிருந்த புதியதைச் சேர்த்துவிட்டது. எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் புதியது ஏது? காலையில் மகேஸ்வரி பட்டனை அமுக்கியதும் லைப்ரரியைக் காணோம் என்று முரண்டு பிடித்தது. இன்றைய தேதியைக்கூடச் சொல்ல மறுத்தது! அறை கேட்டு வந்தவர்களின் வரிசை ரோட்டுக்கே போய்விட்டது.

“யாரும்மா இதைத் தொட்டது?” என்றார் முதலாளி.

“பட்டனை மட்டும்தாங்க அமுக்குனேன்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “என்ன சார் ஆச்சு?”

பட்டியலை அப்போதே திறந்து பார்த்திருந்தேன். தவறு யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்: “தெரியாதவங்க கை பட்டா இப்படித்தாங்க ஆகும்.”

ஐந்தே சொற்கள்.

தவறான டிக்கை எடுத்துவிட்டுப் பழையதற்கு டிக் அடிக்க இரண்டு நிமிடம் போதும். அரை மணி நேரம் நெற்றியைச் சுருக்கி நடித்தேன். முதலாளி எனக்கு டீ வரவழைத்தார். மகேஸ்வரியைப் படுக்கை விரிப்பு எண்ணும் வேலைக்கு அனுப்பினார்.

என் தண்டனையும் அன்றே தொடங்கியது. “பௌர்ணமி அன்னிக்கு நீங்க மெஷினை விட்டு நகரக் கூடாது சார்” என்று உத்தரவு. ஊரே மலையைச் சுற்றும்; நான் அச்சு முறிந்த நாற்காலியில் சுற்றவும் முடியாமல் இருப்பேன். “வெள்ளைக்காரன்லாம் ஃப்ளைட் புடிச்சு வந்து சுத்திட்டுப் போறான்... உங்களுக்கு உள்ளூர்ல இருந்தும் குடுத்து வைக்கல” என்பாள் மனைவி.

நான்காவது வருடம் தாங்க முடியாமல் ஒரு பௌர்ணமிக்கு லீவு கேட்டேன்.

“யாருக்காவது சொல்லிக் குடுத்துட்டுப் போங்களேன்.”

“மகேஸ்வரிக்கு...”

“அது கை பட்டா கெட்டுடும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

வாயைத் திறந்தேன். உண்மை நாக்கு நுனி வரை வந்தது. “ஆமாங்க” என்று மூடிக்கொண்டேன். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? சொல்லியிருப்பீர்கள் என்றுதான் பயமாக இருக்கிறது.

முதலாளி போனதும் அவளைக் கூப்பிட்டேன். “வாம்மா, ரெண்டே நிமிஷம். அவருக்குத் தெரிய வேணாம். நான் காட்டுறேன்.”

விரிப்புகளை மார்போடு அணைத்தபடி ஓரடி பின்னால் போனாள். “வேணாங்க சார். எனக்குக் கைராசி கிடையாது. வீட்ல டி.வி. ரிமோட்டைக்கூட நான் தொடறதில்ல.”

“அப்படியெல்லாம் இல்லம்மா...”

“அன்னிக்கு நீங்க மட்டும் சரி பண்ணலைன்னா என் வேலையே போயிருக்கும். மறப்பேனா சார்?”

அப்போதாவது!... இல்லை. தலையாட்டினேன்.

அந்த லாட்ஜில் இப்போது நானும் இல்லை, அவளும் இல்லை. எப்போதாவது கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிடுகிறாள்.

நானும் திருப்பிக் கும்பிடுகிறேன்.